‘எதையும் தாங்கும்’ என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாறிவரும் தட்பவெப்பத்துக்கு ஏற்ற மரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். வெப்பமும் வறட்சியும் கூடிவரும் காலத்தில் நாட்டு மரங்களால் தாக்குப்பிடிக்க முடியாது என்றும், வெளியிலிருந்து வந்த இனங்கள் இயல்பிலேயே ‘எதையும் தாங்குபவை’ என்பதால் இனி அவற்றையே நட வேண்டும் என்றும் அக்கட்டுரை முடிவு கூறியிருந்தது. அதற்கு மறுப்பாக வந்த வாசகர் கடிதமோ, நாட்டு இனங்கள் எந்த நிலத்திலும் எந்த நோயிலும் நிலைத்து நிற்கும், அயல் இனங்கள் அனைத்தும் கேடு என்று வாதிட்டது. நீண்ட காலம் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில், இரு தரப்பினரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. தாங்குதல் என்பது ஓர் உயிரினத்தின் உடலில் என்றைக்கும் மாறாமல் இருக்கும் ஒற்றைக் குணம் என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். எதைத் தாங்குவது, எவ்வளவு காலம், எந்த வயதில், எந்த இடத்தில் என்று கேட்காதவரை அச்சொல்லுக்குப் பொருளே கிடையாது.

பயிர்த்தொழிலில் இருப்பவர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கவனமாகப் பேசுகிறார்கள். ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்றும் ‘பூச்சி எதிர்ப்பு ரகம்’ என்றும் பிரித்துச் சொல்வார்களே தவிர, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட மாட்டார்கள். தீங்கு தன்மேல் நேராதபடி தடுத்துக்கொள்வது எதிர்ப்புத்திறன்; முள்ளும் கசப்பும் பாலும் பிசினும் அதற்கான கருவிகள். தீங்கு நேர்ந்த பிறகும் துளிர்த்து, பூத்து, விதை விடுவது தாங்குதிறன். ஆடு மாடு அடிவரை மேய்ந்தபின்னும் கிளைத்து எழும் புல் அதற்குச் சான்று. வறட்சியைப் பொறுத்தவரை இவற்றோடு இன்னொன்றும் உண்டு. பற்றாக்குறையைச் சந்திக்காமலேயே விலகிக்கொள்வது அது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் தோண்டியபோது, சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேர் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. அந்த மரத்தை வறட்சியைத் தாங்கும் மரம் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அதன் இலைகள் வறட்சியை அறிந்ததே குறைவு. தரைக்கு மேலே எல்லாம் காய்ந்து கிடக்கும்போது அது கீழே நீர் குடித்துக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீர் எட்டாத பாறை நிலத்தில் அதே மரத்தை நட்டால் வேறு கதையாகிவிடும்.

இதைக் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். நான் பணியாற்றிய இடத்தின் நாற்றங்காலில், ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் ஓர் அயல் மரத்தின் கன்றுகளையும், கோடையில் இலையுதிர்க்கும் ஒரு நாட்டு மரத்தின் கன்றுகளையும் ஒரே அளவுள்ள பைகளில், ஒரே மண் கலவையில் மாணவர்கள் வளர்த்தார்கள். பின்னர் இரண்டு வகைக்கும் ஒரே நாளில் நீர் நிறுத்தப்பட்டது. பத்து நாளில் நாட்டுக் கன்றுகளின் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கின. மூன்றாவது வாரம் அவை வெறும் குச்சிகளாக நின்றன. அயல் கன்றுகளோ முதல் நாளில் இருந்த அதே கரும்பச்சையில் இருந்தன. குறிப்பேட்டில் நாட்டுக் கன்றுகளுக்கு நேராக மாணவர்கள் ‘இறந்தது’ என்று வரிசையாக எழுதிவிட்டார்கள். ஒரு குச்சியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினேன். உள்ளே ஈரப்பசையுடன் பச்சை தெரிந்தது. ஐந்தாவது வாரத்தின் இறுதியில் மீண்டும் நீர் விட்டபோது, இரண்டு வாரங்களுக்குள் அந்தக் குச்சிகளின் கணுக்களில் மொட்டு புடைத்தது. அயல் கன்றுகளின் இலைகள் உதிராமலேயே நிறம் மங்கிச் சருகாயின; அவற்றின் பட்டையைக் கீறியபோது உள்ளே விறகின் நிறம்தான் இருந்தது. இரண்டு இனங்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். பைக்குள் வேர் ஆழமாக இறங்க வழியில்லை என்பதால் அது அயல் மரத்துக்கு முழு நியாயம் செய்த சோதனையன்று. திறந்த நிலத்தில் அதன் வேர் ஈரத்தைத் தேடிப் போயிருக்கக்கூடும். ஒரே ஒருமுறை செய்த சோதனையை வைத்து ஓர் இனத்துக்குத் தீர்ப்பு எழுதுவது முறையுமன்று. ஆனால் பசுமையாக நிற்பதையும் உயிரோடிருப்பதையும் ஒன்றாகக் கருதினால் எவ்வளவு தூரம் வழிதவறிப் போவோம் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். தங்கள் கட்டுரையுடன் வந்த புகைப்படமும் பசுமையான அயல் கன்றுகளின் வரிசையையும், அதன் அருகில் இலையற்று நின்ற நாட்டுக் கன்றுகளையும்தான் சான்றாகக் காட்டுகிறது.

அயல் இனம் தாங்குகிறது என்று நாம் சொல்லும் இடங்கள் பலவற்றில், அது தாங்கும்படியான நிலைமையை உண்டாக்கியவர்கள் மனிதர்களே. தென்மேற்கு அமெரிக்காவின் ஆற்றங்கரைகளில் நடந்தது இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. ஐரோப்பா, ஆசியாக் கண்டங்களைச் சேர்ந்த டமரிஸ்க் என்னும் குறுமரம், அழகுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் கரை அரிப்பைத் தடுக்கவும் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுவரப்பட்டது. அதன் செதில் போன்ற சிற்றிலைகளில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. உலர்ந்த நாளில் கிளையை உற்றுப் பார்த்தால் உப்புத் துகள்கள் மினுங்குவதைக் காணலாம், நாவில் வைத்தால் கரிக்கும். வறட்சியையும் உப்பையும் தாங்குவதில் அங்குள்ள நாட்டு மரமான காட்டன்வுட் அதற்கு ஈடாகாது என்பதில் ஐயமில்லை. ஆகவே, வலியது மெலியதைத் துரத்திவிட்டது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது.

ஆனால் காட்டன்வுட் மரம் அந்த ஆறுகளின் தாளத்துக்கே பழகிய மரம். மலையில் பனி உருகி வசந்தகாலத்தில் வெள்ளம் வரும். வெள்ளம் வடியும்போது கரையில் ஈரமான வண்டல் விரிந்து கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து அதன் பஞ்சு விதைகள் பறந்து வந்து விழும். அவ்விதைகள் சில வாரங்களே உயிரோடிருக்கும். ஆனால் முளைத்துவிட்டாலோ, இறங்கிச் செல்லும் நீர்மட்டத்தைத் துரத்திக்கொண்டு வேர் விரைந்து இறங்கும். அணைகள் கட்டப்பட்டபின் வசந்தகால வெள்ளம் நின்றது. பாசனத் தேவைக்கேற்ப வேறு மாதங்களில் நீர் திறக்கப்பட்டது. கரையைக் கழுவும் வெள்ளம் இல்லாமையால் மண்ணில் உப்பு சேர்ந்தது. கோடை முழுவதும் பூத்து விதை தூவும் டமரிஸ்க்குக்கு எந்த மாதத்தில் நீர் வந்தாலும் ஒன்றுதான். ஆற்றின் போக்கை மாற்றிவிட்டு, மாறிய ஆற்றில் எது நன்றாக வளர்கிறது என்று பார்த்து, அதையே வலிமை என்று பெயரிட்டோம். ரியோ கிராண்டே ஆற்றங்கரை இனங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளத்துக்குப் பிந்திய நிலைமையில் இரண்டும் ஒன்றாக முளைத்தபோது, காட்டன்வுட் நாற்றுகளே டமரிஸ்க் நாற்றுகளை அமுக்கி மேலெழுந்தன. முதிர்ந்த டமரிஸ்க் உப்பையும் வறட்சியையும் தாங்கும். அதன் நாற்றுக்கோ பக்கத்து நாற்றின் நிழலைத் தாங்கும் வலு இல்லை. ஓர் இனத்தின் தாங்குதிறனைப் பேசும்போது வயதைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று மேலே நான் சொன்னது இதனால்தான்.

மரங்களை விட்டுச் சற்றுக் கடலோரத்துக்குப் போனாலும் இதே செய்திதான். மத்தியதரைக் கடலைச் சேர்ந்த ஒரு வகை மட்டி, கலிபோர்னியாவின் தென்கரையில் புகுந்து அங்கிருந்த நாட்டு மட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மட்டியின் ஓட்டில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி இதயத் துடிப்பை எண்ண முடியும். அப்படி எண்ணிப் பார்த்தவர்கள், நீரின் வெப்பம் ஏறும்போது நாட்டு மட்டியின் இதயம் முன்னதாகவும் அயல் மட்டியின் இதயம் பின்னதாகவும் தளர்வதைக் கண்டார்கள். உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருப்பதும் அந்நொதியின் வெப்பத் தாங்குதலில் வேறுபாட்டை உண்டாக்குகிறது. இதோடு நிறுத்திக்கொண்டால் அயல் இனம் வென்றதாகத் தோன்றும். ஆனால் மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து உப்புக் குறைந்த நீரில் அயல் மட்டியின் இதயமே அதிகம் தளர்கிறது. வெப்பத்தைத் தாங்குவது ஒரு திறன், நன்னீரைத் தாங்குவது வேறொரு திறன். ஒன்றைப் பெற்ற உயிரினத்திடம் மற்றொன்றையும் எதிர்பார்க்கக் கூடாது. நீர்நிலைகளை மூடிப் பரவும் ஆகாயத்தாமரையும் இப்படித்தான். எவ்வளவு சாக்கடை கலந்தாலும் கொழிக்கும் அச்செடி, கடல்நீர் ஏறும் கழிமுகத்தில் வாடிவிடும், உறைபனியிலும் கருகிவிடும்.

எதிர்ப்புத்திறனைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரியது. அயல் மரங்களைப் பூச்சி தொடுவதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால் அந்தத் தூய்மைக்குக் காரணம் மரத்தின் எதிர்ப்பா, எதிரி இன்னும் வந்து சேராததா என்று பார்க்க வேண்டாமா? ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் மரங்கள் கலிபோர்னியாவுக்கு 1850-களில் போய்ச் சேர்ந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய பூச்சித் தொல்லை இல்லாமல் அவை வளர்ந்தன. 1984-இல் அவற்றின் தாயகத்தைச் சேர்ந்த ஒரு நீள்கொம்பு வண்டு அங்கே கண்டறியப்பட்டது. அதன் புழு பட்டைக்குள் துளைத்துச் சென்று உட்பட்டையைத் தின்று மரத்தைச் சாகடிக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, எல்லா மரங்களும் சாகவில்லை என்பது. போதிய ஈரம் கிடைத்த மரங்களின் பட்டையில் நீர்ச்சத்து மிகுந்திருந்ததால் இளம் புழுக்களால் ஊடுருவ முடியவில்லை. வறட்சியில் வாடிய மரங்களின் பட்டைக்குள் அவை எளிதில் நுழைந்தன. அதாவது, வறட்சியைத் தாங்குவதற்கு மரம் கொடுத்த விலை அதன் எதிர்ப்புத்திறன். வறண்ட நிலத்தில் நடுவதற்காகவே ஓர் இனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், அவ்வறட்சியே அதன் பாதுகாப்பைக் கழற்றிவிடக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பின்னர் அந்த வண்டின் முட்டைகளை அழிக்கும் சிறு குளவி ஒன்றையும் ஆஸ்திரேலியாவிலிருந்து தேடிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதிசய மரம் என்று கொண்டாடப்பட்டு வெப்பமண்டல நாடுகளெங்கும் நடப்பட்ட சுபாபுல் மரத்துக்கும் இதுதான் நேர்ந்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து மரம் முதலில் வந்தது. அதன் சாறுறிஞ்சும் பூச்சி 1980-களில் பசிபிக் தீவுகளையும் ஆசியாவையும் வந்தடைந்து தளிர்களைக் கருக்கியது.

மறுப்புக் கடிதம் எழுதிய வாசகரிடமும் சொல்ல வேண்டியது உண்டு. நாட்டு இனம் என்பதற்காகவே அதற்கு எல்லா எதிரிகளையும் எதிர்க்கும் ஆற்றல் வந்துவிடாது. தான் கூடி வளர்ந்த எதிரிகளைத்தான் அது அறியும். 1904-இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட ஆசியப் பூஞ்சை ஒன்று, அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்கக் காடுகளின் செஸ்ட்நட் மரங்களை ஏறத்தாழ முழுவதுமாகச் சாய்த்தது. அழிந்தவை சுமார் 400 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். அந்தப் பூஞ்சையோடு நெடுங்காலம் பழகிய சீனச் செஸ்ட்நட் அதை எதிர்த்து நிற்கிறது. எனினும் அமெரிக்க மரத்தின் வேர் சாகவில்லை. பூஞ்சையால் மண்ணுக்கடியில் வேரைக் கொல்ல முடிவதில்லை என்பதால், பட்ட அடிமரத்தைச் சுற்றி இன்றும் துளிர் எழுகிறது. சில ஆண்டுகள் வளர்கிறது. பட்டை முதிர்ந்து வெடிக்கத் தொடங்கியதும் நோய் மீண்டும் பற்றிக்கொள்கிறது. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பூக்கும் வயதை எட்டும் முன்பே மறுபடி மறுபடி மடியும் அம்மரங்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது. எதிர்ப்பில்லாத இடத்தில் தாங்குதிறன் மட்டும் தனியாக என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை அவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் உயிர் எனக்குத் தெரிந்து வேறில்லை. 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட ஆசிய மரகத வண்டு பல கோடி ஆஷ் மரங்களைக் கொன்றதும் இதே வகையைச் சேர்ந்தது. ஆனால் அங்கேயும் அமெரிக்க ஆஷ் இனங்கள் அனைத்தும் ஒரே மாதிரி வீழவில்லை. நீல ஆஷ் என்னும் நாட்டு இனத்தில் கணிசமானவை பிழைத்து நிற்கின்றன.

நாட்டு இனத்தின் நிலைமை மாறாதது என்றும் கொள்ள வேண்டியதில்லை. ஹவாய்த் தீவுகளில் கொசுவே இருந்ததில்லை. 1826-இல் கப்பல் வழியாக அது வந்தது, பின்னர் பறவை மலேரியாவும் பரவியது. இவி என்னும் செந்நிறப் பறவைக்கு நோய்க்கொசுவின் ஒரே கடி போதும், பெரும்பாலானவை மாண்டுபோகும். குளிரால் கொசுவும் நோய்க்கிருமியும் பெருக முடியாத மலை உச்சிக் காடுகளே அவற்றுக்குப் புகலிடமாக எஞ்சின. ஆனால் அதே தீவுகளின் அமாகிஹி என்னும் நாட்டுப் பறவையின் சில கூட்டங்கள் நோய் நிறைந்த தாழ்நிலக் காடுகளிலேயே பெருகத் தொடங்கியிருக்கின்றன. அவற்றின் குருதியில் கிருமி இருக்கிறது, ஆனாலும் பறவை வாழ்கிறது. மலைமேல் வாழும் அமாகிஹியைவிடத் தாழ்நில அமாகிஹி அந்நோயை நன்றாகத் தாங்குகிறது. ஆகவே ‘இந்த இனம் தாங்காது’ என்று மொத்தமாகச் சொல்வதும் சரியன்று. எந்தக் கூட்டம், எங்கிருந்து எடுத்த விதை என்பதும் முக்கியம்.

இத்தனை எடுத்துக்காட்டுகளுக்குப் பின்னும், பொதுவாகப் பார்த்தால் அயல் இனங்கள்தானே வலியவை என்று யாரேனும் கேட்கலாம். நாம் ஒப்பிடும் விதத்திலேயே ஒரு சாய்வு இருப்பதை முதலில் உணர வேண்டும். புது இடத்துக்குப் போன இனங்களில் பெரும்பாலானவை வேரூன்றாமலேயே மறைந்துபோயின. நம் கண்ணில் படுபவை பிழைத்து வென்ற சில இனங்கள் மட்டுமே. வென்ற அயல் இனங்களை எடுத்து, வலியதும் மெலியதுமாகக் கலந்து கிடக்கும் நாட்டு இனங்களின் முழுத் தொகுதியோடு ஒப்பிட்டால் விடை என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கர்ட்டிஸ் டேலர் 2003-இல் வெளியிட்ட மீளாய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட வளர்ச்சி நிலைமைகளில் செய்யப்பட்ட 55 ஒப்பீடுகளில் 94 விழுக்காட்டில், ஏதேனும் ஒரு நிலைமையிலாவது ஏதேனும் ஒரு முக்கிய அளவீட்டிலாவது நாட்டுச் செடி பரவும் அயல் செடிக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தது. உரமும் நீரும் ஒளியும் குறைவாகக் கிடைக்கும் இடங்களில் நாட்டுச் செடிகளின் கை ஓங்குவதை அம்மீளாய்வு எடுத்துக்காட்டியது. பரவும் இனங்கள் பலவற்றின் உண்மையான பலம், வளம் கொட்டிக் கிடக்கும்போது அதை விரைந்து வாரிக்கொள்வதில் இருக்கிறது. பஞ்சகாலத்தைக் கடப்பது வேறு திறமை. மண்ணைக் கிளறி, உரத்தை வழியவிட்டு, ஒளியைத் திறந்துவிட்ட நிலத்தில் ஓடி முந்துவதைத் தாங்குதிறன் என்று நாம் பிழையாகப் படித்துவருகிறோம்.

அயல் மரமே நடக்கூடாது என்று நான் வாதிடவில்லை. உப்பேறிப்போன நிலத்தில் முன்பு அங்கே வளர்ந்த நாட்டு இனம் இன்று வளராமல் போகலாம். அந்நிலம் இப்போது அதன் நிலமே அன்று. அத்தகைய இடங்களில் எதை நடுவது என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி, அதற்கு அயல் இனமும் ஒரு விடையாக இருக்கலாம். நான் கேட்பது, விடை சொல்பவர்கள் கேள்வியை முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதைத்தான். ஒரு கன்று வறட்சி தாங்கும் என்று எழுதினால், இலையை உதிர்த்துத் தாங்குமா, ஆழ்ந்த வேரால் விலகி நிற்குமா என்று எழுதுங்கள். அதற்கு நிலத்தடி நீர் தேவையென்றால் அதையும் எழுதுங்கள். பூச்சி தொடாது என்று எழுதினால், அதன் தாயகத்துப் பூச்சிகள் இங்கே இருந்தும் தொடவில்லையா, இன்னும் வரவில்லையா என்று விசாரியுங்கள். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்ற கணக்கை முதல் கோடையிலேயே முடித்துவிடாமல், ஐந்தாண்டு கழித்தும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நாட்டு மரத்தைக் கைவிடுவதற்கு முன், அதே இனம் வளரும் மிக வெப்பமான, மிக வறண்ட இடத்திலிருந்து விதை எடுத்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையுடன் வெளியான அந்தப் புகைப்படத்தை, இரண்டு மழைக்காலங்கள் கடந்தபின் அதே இடத்தில் நின்று மீண்டும் எடுத்து வெளியிட வேண்டும். படம் எடுக்கச் செல்பவர், இலையில்லாமல் நிற்கும் கன்று எதைக் கண்டாலும், பட்டுவிட்டது என்று எழுதிக்கொள்வதற்கு முன் அதன் பட்டையை நகத்தால் ஒருமுறை கீறிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்.